பின்சேவை

சித்திரை வீதியில் பெருமாள் எழுந்தருளினால் முகத்தைப் பார்க்கத்தான் எல்லோரும் முண்டுவார்கள். தேங்காய் உடையும், கற்பூரம் எரியும், கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஸ்ரீபாதம் தாங்குகிறவர்களின் தோள்கள் அசைந்து பல்லக்கு நகர்ந்ததும் கூட்டம் கலைந்து அவரவர் வீட்டுக்குள் போய்விடும். என் நாத்தனார், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், அப்போதுதான் புறப்படுவார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு, பெருமாளுக்குப் பின்னால் ஓட்டமும் நடையுமாக.

பின்சேவை என்று அதற்குப் பெயர். ஸ்ரீரங்கத்தில் அது புதிதல்ல. எங்கள் பெருமாளுக்கு முன்னழகைவிடப் பின்னழகு ஒசத்தி என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அலங்காரம் செய்கிறவர்களும் முதுகுப்புறத்துப் பதக்கத்துக்கும் பூச்சரத்துக்கும் முகத்துக்கு எடுத்துக்கொள்கிற அதே சிரத்தையை எடுத்துக்கொள்வார்கள். ஆனால் மற்றவர்கள் பத்தடி கூடப் போய்ச் சேவித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அக்கா வீதி மூலை வரை போவார். பல்லக்கு திரும்பி மறைந்த பிறகும் நிற்பார். நான் மூச்சிரைக்கப் பின்னால் போய்ச் சேரும்போது கண் கலங்கியிருக்கும்.

"பதக்கத்தைச் சேவிச்சேளா அக்கா?"

"பதக்கம் கிடக்கட்டும். மாலைக்குப் பின்னாடி நார்முடிச்சுப் போட்டிருந்தாளே, பாத்தியோ? யாரோ விடிகாலமே எழுந்து காவேரியிலே முழுகிட்டு வந்து போட்ட முடிச்சு. ஒருத்தர் பேரும் அதிலே எழுதியிருக்காது." ஒரு பெருமூச்சு. "முடிச்செல்லாம் பின்னாடிதான்டி இருக்கும்."

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை இடங்களில் கேட்டிருப்பேன்! அவர் பேரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. பேர் என்பது வாசலில் மாட்டுகிற பலகை. அவர் வாசல் பக்கத்து மனுஷி அல்ல.

சின்னக்கடைத் தெருவுக்குப் புடவை எடுக்கப் போனால் விரித்துப் போட்ட புடவையைப் புரட்டித்தான் பார்ப்பார். பூவேலையின் அடிப்பக்கத்தில் நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று தாவி ஓடுவதை விரலால் தொட்டுத் தொட்டுப் போவார். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மாமி, உள்பக்கத்தை வெளியில வச்சுக் கட்டிக்கப் போறீங்களா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார். அக்கா சளைக்கவில்லை. "கட்டிக்கலாம்தான். ஊர் சிரிக்கும், அதான் பாக்கறேன்" என்றார்.

டூரிங் கொட்டகையில் ஒருதரம் இடைவேளை முடிந்து படம் ஓட ஆரம்பித்தும் ஆளைக் காணோம். தேடிக்கொண்டு போனால், திரைக்குப் பின்னால், முழங்குகிற ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில், மணலில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். திரையின் மறுபக்கத்திலும் படம் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. "இந்தப் பக்கத்திலே எல்லாரும் இடது கையாலே சாப்பிடறா பாருடி!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மீதிப் படத்தை நானும் அங்கேயேதான் பார்த்தேன்.

நான் இந்தக் குடும்பத்துக்கு வந்ததே அப்படித்தான். லால்குடியில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு, பாட வராத பாட்டைப் பாடி, சேவித்துவிட்டு உள்ளே போனேன். போன சூட்டில் கொல்லைக் கிணற்றடியில் உட்கார்ந்து, கட்டியிருந்த பட்டுப் புடவையை முழங்கால் வரை வழித்துக்கொண்டு, அவர்களுக்காகப் போட்ட பஜ்ஜியை இரண்டு கையாலும் தின்றுகொண்டிருந்தேன். நிமிர்ந்தால் எதிரில் இந்த அம்மாள். வாய் நிறையப் பஜ்ஜி. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவர் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். கூடத்துக்குத் திரும்பிப் போய், "அங்கே உக்காந்து பாடினாளே, அவ யாரோ. கொல்லையிலே ஒருத்தி இருக்கா, அவளைப் பண்ணிக்கலாம்" என்றாராம் தம்பியிடம். என் மாமியாருக்கு அது பல வருஷம் புரியவில்லை.

பின்பக்கம் போய்ப் பார்ப்பவர்களில் ஒரு ஜாதி உண்டு. பொய்யைக் கண்டுபிடிக்கப் போகிறவர்கள். கண்டுபிடித்ததும் உதட்டைச் சுழித்துக்கொண்டு வருவார்கள். அக்கா அந்த ஜாதி இல்லை. கோணியும் மூங்கிலும் ஆணியும் கயிறுமாக அந்தப் பக்கத்தில் எது இருந்தாலும் கருவறையில் நிற்பதுபோல நிற்பார். இதை நான் சரியாகப் புரிந்துகொண்டது விஞ்ஞான உலகத்தில்.

ரஷ்யாக்காரர்கள் நாயை ஆகாசத்துக்கு அனுப்பிய சமயம். திருவானைக்காவலைத் தாண்டி, கொள்ளிடக் கரையோரத்தில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே, யாரோ ஒரு மெட்ராஸ்காரர் பெரிய வளைவு கட்டி 'விஞ்ஞான உலகம்' என்று எழுதிப் போட்டார். வருகிற பொருட்காட்சிகள் மாசம் இரண்டு இருந்துவிட்டுப் பிரிந்து போய்விடும். இது பிரியாமல் வருஷம் பூரா நிற்கும் என்று வண்டி கட்டி ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். உட்கார்ந்தால் குலுக்கிக் குலுக்கிச் சந்திரனுக்குக் கூட்டிப்போகிற ராக்கெட். வளையத்தோடு சுற்றுகிற சனி. ஆள் நிற்கும்போதே எலும்புக்கூடாக மாறிப்போகிற எக்ஸ்ரே அறை. உள்ளே போய் அண்ணாந்தால் நட்சத்திரம் தெரிகிற தகரக் கோளம்.

திறந்த புதிதில் குடும்பத்தோடு போனோம். நாங்கள் எல்லாவற்றையும் முன்னாலிருந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தோம். அக்காவை ஒவ்வொரு கூடாரத்திலும் காக்கிச் சட்டைக்காரன் மறித்து அனுப்பினான். "பின்னாடி போகக் கூடாதும்மா." "ஏன்?" "கூடாதும்மா." எலும்பு அறையின் பக்கவாட்டில் படுதாவைத் தூக்கி எட்டிப் பார்த்தபோது நிஜமாகவே விரட்டினார்கள். அக்காவின் கணவர், அத்திம்பேருக்கு, அவமானம். ரயில்வேயில் தலைமை குமாஸ்தா. ஜனங்கள் நடுவில் தன் பெண்டாட்டி துரத்தப்படுவதை எப்படித் தாங்குவார்?

அந்த உலகம் ரொம்ப நாள் ஓடவில்லை. ஒரு ஐப்பசியில் கொள்ளிடம் உள்ளே வந்து இடுப்பளவு நின்றுவிட்டுப் போயிற்று. கூட்டம் வருவது நின்றது. மின்சாரத்தை வெட்டினார்கள். மெட்ராஸ்காரர் மோட்டார்களையும் பல்புகளையும் கழற்றி எடுத்துக்கொண்டு, மீதியை ஒரு காவல்காரரிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதே சமயத்தில்தான் அக்காவுக்கு இருமல் வந்தது. சளியில் சிவப்பு வந்தது. கோட்டைப் பக்கத்து டாக்டர் நெஞ்சைப் படம் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். கறுப்பில் வெள்ளை வெள்ளையாகச் சிதறல். டி.பி. ஊசி போட்டுப் பார்த்தார்கள், மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். வலப்பக்கத்தில் விழுந்த ஓட்டை மூடவில்லை. கடைசியில் டாக்டர் சொன்னார்: பட்டணத்துப் பக்கம் சானடோரியத்தில் ஆபரேஷன் செய்கிறார்கள். பின்பக்கமாக முதுகைத் திறந்து சில விலா எலும்புகளை எடுத்துவிட்டால் அந்தப் பக்கத்து நுரையீரல் அமுங்கி ஓய்வெடுக்கும், ஆறும். செய்யாவிட்டால் அடுத்த மழைக்காலம் வரை தாங்குவது கஷ்டம். படுக்கை ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன், இந்த வாரத்துக்குள் முடிவு சொல்லுங்கள்.

அக்கா முடியாது என்றார்.

அத்திம்பேர் கெஞ்சினார். என் கணவர் கோபப்பட்டார். மாமியார் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டார். அக்கா பிறந்த வீட்டுக்கே வந்து, காமிரா உள் என்கிற சின்ன அறையில் தனிப் பாயில், தனி டம்ளரோடு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கஞ்சி கொண்டுபோன என்னிடம்தான் காரணத்தைச் சொன்னார்.

"எத்தனையோ முதுகைப் பாத்தாச்சு. என் முதுகை நான் பாத்ததில்லை. நான் பாக்காத இடத்தை எவனோ திறந்து பாப்பானாம், எடுத்துப்பானாம், மூடிடுவானாம். நான் குப்புறப் படுத்துண்டு பாயைப் பாத்துண்டிருக்கணுமாம். பயமா இருக்குடி."

பயம் என்ற வார்த்தையை அவர் வாயால் அன்றுதான் கேட்டேன். கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, "விஞ்ஞான உலகம் சும்மாத்தானே கெடக்கு?" என்றார். "இப்போ போனா மறிக்க ஆள் இருக்காது. கூட்டிண்டு போறியா?"

வீட்டில் டாக்டரிடம் என்று சொல்லிவிட்டு ஒற்றை மாட்டு வண்டியில் போனோம். உச்சி வெயில். வாழைத் தோப்பின் ஈர வாசனையைத் தாண்டியதும் அந்த வளைவு. 'உலகம்' மட்டும் நின்றிருந்தது, 'விஞ்ஞான' பெயர்ந்து விழுந்திருந்தது. சனி கிரகத்தின் வளையத்தைத் தரையில் இறக்கி, அதன் மேல் வெள்ளைத்துணி விரித்து வடாம் பிழிந்து காயப் போட்டிருந்தாள் காவல்காரர் மனைவி. பூமி உருண்டைமேல் கோழி. தகரச் செயற்கைக் கோளின் ஒரு காலில் கட்டிய பசுமாடு. ராக்கெட்டின் அடிவயிற்றிலிருந்து சமையல் புகை வந்துகொண்டிருந்தது, அதுவும் கிளம்பத்தான் போகிறதோ என்கிற மாதிரி.

காவல்காரர் ராக்கெட்டுக்குள்ளிருந்து குனிந்து வெளியே வந்தார். "வாங்கம்மா. பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்களே. ஒண்ணும் சுத்தாது, ஒண்ணும் எரியாது."

"பின்பக்கம் பாக்கணும்" என்றார் அக்கா.

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். "எந்தப் பக்கம் வேணாலும் பாருங்க. பாம்பு மட்டும் பாத்துப் போங்க" என்றார்.

அக்கா போனார். ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், நின்று மூச்சு வாங்கி. சந்திரனுக்குப் பின்னால் பாதி தேங்காய் மூடி மாதிரி வெறும் குடைவு. மூங்கில் சிம்புகளில் பழைய செய்தித்தாளை ஒட்டியிருந்தார்கள், எழுத்துகள் இன்னும் தெரிந்தன. அக்கா அதில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். "மைதா மாவு. ஒட்டினவன் விரல் ரேகை கூட இருக்குடி. சந்திரன்லே மனுஷன் கை படணும்னு அவா தவிக்கிறா. இங்கே பட்டாச்சு."

எலும்பு அறைக்குள் படுதா இல்லை. சூட்சுமம் நிர்வாணமாக நின்றது: குறுக்கே சாய்த்து வைத்த பெரிய கண்ணாடித் தகடு, பக்கத்து அறையில் கறுப்புப் பலகையில் வெள்ளைச் சாயத்தில் வரைந்த எலும்புக்கூடு. விளக்கு மாறும்போது ஆள் மறைந்து எலும்பு தெரியும், அவ்வளவுதான். அக்கா அந்த எலும்புக்கூட்டின் முன் நின்று வலது விலாக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"இங்கே வாடி" என்ற குரல் மாறியிருந்தது.

வெள்ளத்தில் நகர்ந்துபோன ஒரு நிலைக்கண்ணாடி சுவரில் சாய்ந்திருந்தது. எதிரில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் அக்கா நின்றிருந்தார். ஒன்றுக்குள் ஒன்றாக, ஒன்றுக்குள் ஒன்றாக, கண்ணுக்கு எட்டாத ஆழம் வரை முதுகுகள். தலைப்பை விலக்கியிருந்தார். மெலிந்த தோள்பட்டைகள், வெயில் படாத கழுத்தடி, முதுகெலும்பின் சின்னச் சின்ன மேடுகள்.

"இதுவா நான்?"

கையை வளைத்துத் தோளுக்குப் பின்னால் தடவினார்.

"இங்கே மச்சம் இருக்கே. யாருமே சொல்லலையே!"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் அக்கா."

"எப்படிடி தெரியும்?" என்றார். கோபம் இல்லை அதில். நாற்பது வருஷம் தன்னைச் சுமந்த ஸ்ரீபாதம் தாங்கியை முதல் தடவை திரும்பிப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தலைப்பை மெதுவாக மூடினார்.

கடைசியில் தகரக் கோளம். வைக்கோல் போரின் உயரம். முன்பு ஒவ்வொரு துளைக்கும் பின்னால் ஒரு பல்பு இருந்ததாம். இப்போது பல்பும் இல்லை, ஒயரும் இல்லை. அக்கா வழக்கம்போல வெளிப்பக்கமே சுற்றினார். என்னை உள்ளே போகச் சொன்னார்.

குனிந்து நுழைந்தேன். கண்ணுக்கு எட்டும் வரை இருட்டு. பழைய நீரின் வாடை. நிமிர்ந்தேன்.

எப்படிச் சொல்வேன்? பட்டப்பகல் உச்சி வெயில், அத்தனை துளைகளிலும் ஒரே சமயத்தில் வந்து நின்றுகொண்டிருந்தது. பல்புகள் போட்ட காலத்தில் அவை பல்புகளாகத்தான் தெரிந்தன. இன்றைக்குச் சூரியனே வந்து அந்த வேலையைப் பார்த்தது. சப்தரிஷிகள் இருந்தார்கள். வரிசையாக மூன்று இருந்தது. ஆகாசகங்கை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மாவு சிந்தின மாதிரி ஓடியது. அதற்கும் மேலே, எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லாத நட்சத்திரங்கள், கூட்டம் கூட்டமாக. ஒவ்வொன்றிலிருந்தும் நூல் போல ஒளி இறங்கி, தூசி அதில் ஏறி இறங்கி, என் கையில், என் மடியில், என் கால் கட்டைவிரலில் ஒரு புள்ளி. நான் உட்கார்ந்துவிட்டேன். நின்று பார்க்கிற சமாசாரம் இல்லை அது.

ஒரு நட்சத்திரம் அணைந்தது.

"டீ! எது போச்சு சொல்லு!" தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா.

"வலது ஓரத்திலே கீழே ஒண்ணு!"

"இப்போ?"

"ஐயோ, வரிசையா மூணும் போச்சு அக்கா!"

"கையை எடுத்துட்டேன். வந்துதா?"

"வந்துது! வந்துது!"

சிரிப்பு, இருமல், மறுபடி சிரிப்பு. பிறகு, என் முகத்துக்கு நேரே இருந்த ஒரு நட்சத்திரம் இருண்டு, ஈரமாக மின்னி, இமைத்தது. அவர் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வயதுக்கு எத்தனையோ நட்சத்திரம் பார்த்துவிட்டேன். என்னைத் திரும்பிப் பார்த்தது அது ஒன்றுதான்.

இடம் மாற்றிக்கொண்டோம். அவர் உள்ளே போனார், நான் வெளியே. தகரம் உள்ளங்கையைச் சுட்டது. இந்தச் சூட்டிலா இத்தனை நேரம் கை வைத்திருந்தார்! ஒரு துளையை விரலால் மூடினேன். "எது போச்சு அக்கா?" பதில் இல்லை. பயந்துபோய்க் காதை வைத்தேன். சங்கைக் காதில் வைத்த மாதிரி அந்தக் கோளம் முழுவதும் அவர் மூச்சு. உள்ளே போகும்போது கீறிக்கொண்டு, வெளியே வரும்போது விசிலடித்துக்கொண்டு, ஆனாலும் நிற்காமல், போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. விரலை எடுத்துவிட்டு, காதை வைத்தபடியே நின்றேன்.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தவர் நேரே காவல்காரரிடம் போனார். "உள்ளே ரொம்ப நட்சத்திரம் இருக்கே. எல்லாம் அவா போட்ட ஓட்டைதானா?"

"எங்கம்மா! அவங்க ஆணியடிச்சுப் போட்டது பாதி. தண்ணி நின்னு துருப்புடிச்சுப் போட்டது பாதி. எது எதுன்னு எனக்கே தெரியாது."

"எனக்கும் தெரியலை" என்றார் அக்கா, பெரிய சங்கதி ஒன்றைக் கேட்டுக்கொண்டவர் போல. காவல்காரர் மனைவி சனி வளையத்திலிருந்து பாதி காய்ந்த வடாத்தை ஒரு கை எடுத்துக் கொடுத்தாள். வண்டியில் அதைக் கொறித்துக்கொண்டே வந்தார். ஆனைக்கா கோபுரம் தாண்டிய பிறகு, மாட்டின் வாலைப் பார்த்தபடி சொன்னார்:

"உன் அத்திம்பேர்கிட்டே சொல்லிடு. திறக்கட்டும். ஆனா ஒண்ணு. திறந்து பாக்கறவர் என்ன பாத்தார்னு எனக்குச் சொல்லணும். சொல்லாம மூடக் கூடாது."

ஆபரேஷனுக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லையாம். முதுகை மட்டும் மரத்துப்போக வைத்துவிட்டு, ஒரு பக்கமாகப் படுக்கவைத்துச் செய்தார்களாம். அக்கா கேட்டபடியே இருந்தாராம். "என்ன தெரியறது? டாக்டர், என்ன தெரியறது?" நர்ஸ் அதட்டினாள். டாக்டர், "பேசாதீங்கம்மா" என்றார். மறுபடி கேட்டார். எலும்பு நறுக்கும் சத்தம் நின்ற ஒரு இடைவெளியில் அந்த மனுஷர் கத்தரியைப் பிடித்த கையோடு உள்ளே குனிந்து பார்த்தாராம். அப்புறம் தாழ்ந்த குரலில் சொன்னாராம்: "உங்க மூச்சு தெரியுதும்மா. ஏறி ஏறி இறங்குது."

இதை எனக்குச் சொல்லும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மூச்சைப் பாத்துட்டார்டி ஒருத்தர். பெருமாள் பாக்கற இடத்திலேர்ந்து."

அவர் திரும்பி வந்தபோது விஞ்ஞான உலகம் இருந்த இடம் வாழைக் கொல்லையாகியிருந்தது. தகரக் கோளத்தைப் பழைய இரும்புக்காரன் வெட்டி எடுத்துப் போயிருந்தான். கண்ணாடிகளும் போயின. எண்ணெய் தேய்த்துவிட உட்காரவைத்தபோது, "கண்ணாடி போச்சு. இனிமே நீதான் சொல்லணும்" என்றார்.

தோள்பட்டைக்கு உள்ளோரமாக மேலிருந்து இறங்கி, வளைந்து, பக்கவாட்டில் போய் மறைகிற நீண்ட வடு. இரண்டு ஓரத்திலும் தையல் போட்ட புள்ளிகள். வலது பக்கம் குழிந்து தோள் இறங்கியிருந்தது.

"மச்சம் இருக்கா?"

"இருக்கு அக்கா. கத்தி அதைத் தொடாம சுத்திண்டு போயிருக்கு."

"தேவலை" என்றார். "அப்புறம்?"

அப்புறம் என்ன என்று எனக்கு அன்று சொல்ல வரவில்லை. எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பங்குனியில் புறப்பாடு. வீட்டு வாசலில் அவரைப் பிடித்து நிறுத்தப் பார்த்தோம். முன்னாலிருந்து சேவித்தால் போதும், ஓடக்கூடாது என்று அத்திம்பேர் சத்தியம் வாங்கியிருந்தார். தேங்காய் உடைந்தது. கற்பூரம் எரிந்தது. பல்லக்கு நகர்ந்தது. கூட்டம் கலைந்து உள்ளே போயிற்று. திரும்பினால் அக்கா இல்லை.

வீதியில் இறங்கினேன். தூரத்தில் பெருமாள், பதக்கமும் பூச்சரமுமாக, ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், ஒரு தோள் சரிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு பக்கத்து நுரையீரலோடு ஓட்டமும் நடையுமாக அந்த முதுகு. தலைப்பு நழுவியிருந்தது. ரவிக்கையின் விளிம்புக்கு மேலே வடுவின் நுனியும் அதன் இருபுறத்துப் புள்ளிகளும் மாலை வெயிலில் தெரிந்தன. நான் கையைக் குவித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.

மூலையில் நின்றவர், திரும்பாமலே கேட்டார்:

"என்னடி என் முதுகையே பாத்துண்டு வரே? பெருமாளைச் சேவி."

"சேவிச்சுண்டுதான் வரேன் அக்கா" என்றேன்.